டீச்சரம்மா பதில்கள்: அனா ஆவன்னாவுக்கு முன்னால்

பழனிமலையின் மேல்மலையிலும் கீழ்மலையிலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை நடத்தி ஓய்வுபெற்று, இப்போது பண்ணைக்காட்டில் இருக்கும் டீச்சரம்மா, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

என் மகளுக்கு இன்னும் நாலு வயது முடியவில்லை. எல்.கே.ஜி. போகிறாள். தினமும் அ முதல் ஃ வரை நாலு பக்கம், ஆங்கில எழுத்து ரெண்டு பக்கம் வீட்டுப்பாடம். கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்று அழுகிறாள். அதட்டி எழுத வைப்பதா, விட்டுவிடுவதா?
– ஒரு தாய், பெருமாள்மலை

அதட்டாதீர்கள் அம்மா. கை வலிக்கிறது என்று அவள் சொல்வது சாக்கு இல்லை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாக மாறுவதற்குப் பல வருஷம் பிடிக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடித்து விரல்களாலேயே நகர்த்தும் பிடி, பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் படிகிறது. அதுவரைக்கும் முழங்கையாலும் தோளாலும்தான் எழுதுகிறார்கள். அந்தக் கையை நாலு கோட்டுக்குள் 'இ'யையும் 'ஈ'யையும் அடக்கச் சொன்னால் வலிக்கத்தான் செய்யும்.

வீட்டில் கைக்கு வேலை கொடுங்கள். நம் மலையில் அதற்குப் பஞ்சமே இல்லை. பூண்டுப் பல் உதிர்க்கச் சொல்லுங்கள். பச்சைப் பட்டாணி உரிக்கட்டும், பீன்ஸ் காம்பு கிள்ளட்டும். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் அரைமணி நேரம் பிசைந்து விளையாடுவாள். பல்லாங்குழியில் ஒவ்வொரு முத்தாக எடுத்துப் போடுவது விரலுக்கு அருமையான பயிற்சி. எழுத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்றால், சிமெண்டுத் தரையில் தண்ணீர் தொட்டு, கையளவு பெரிதாக, விரலால் எழுதட்டும். வெயிலில் காய்ந்து மறைவதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப எழுதுவாள்.

கொடைக்கானலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது. குழந்தைக் கல்வி என்றதும் உலகமெல்லாம் சொல்லும் பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலிக்காரர், மருத்துவர். 1939-இல் பயிற்சி நடத்த அடையாற்றுக்கு வந்தார். மறு வருஷம் இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டவர் ஆகி, ஊர் திரும்ப முடியாமல் போனது. 1942 முதல் 1944 வரை அவர் வாழ்ந்தது நம் கொடைக்கானலில்தான். 1907-இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அவர் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தில், பென்சிலைத் தொடுவதற்கு முன்னால், சொரசொரப்பான உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். தடவிக்கொண்டே அந்த எழுத்தின் ஒலியைச் சொல்லவேண்டும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்புத்தாள் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டினால் போதும், செலவு மிகக் குறைவு.

பள்ளிக்கூடத்தில் சண்டை போடவேண்டாம். டைரியில் "இன்று ஒரு வரி எழுதினாள், கை வலித்தது, நிறுத்திவிட்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தினமும் அனுப்புங்கள். ஒரு கட்டத்தில் கூப்பிட்டுப் பேசுவார்கள். அப்போது பொறுமையாகச் சொல்லுங்கள்.

பையன் ஒன்றாம் வகுப்பு முடித்துவிட்டான். உயிரெழுத்து, மெய்யெழுத்து, கானா ஙானா எல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான். 'படம்' என்று எழுதிக் காட்டினால் "பானா... டானா... இம்மன்னா" என்கிறானே தவிர, படம் என்று சொல்லத் தெரியவில்லை. பள்ளியில் 'அரும்பு' என்கிறார்கள். மந்தமா, டீச்சரம்மா?
– ஒரு விவசாயி, மன்னவனூர்

மந்தம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள் தம்பி. 247 எழுத்தையும் வரிசை மாறாமல் சொல்லும் பிள்ளைக்கு ஞாபக சக்தி நன்றாகவே இருக்கிறது. அவனுக்கு இன்னும் வராதது வேறு ஒரு திறமை. தனித்தனி ஒலிகளைச் சேர்த்து ஒரு சொல்லாகக் கேட்பது. வரிசையை ஒப்பிப்பதால் அது வராது.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. பானா, டானா, இம்மன்னா என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'படம்' வராது. 'ப', 'ட', 'ம்' என்று ஒலியை மட்டும் சொன்னால் வரும். இன்றைக்கே வீட்டில் எல்லோரும் பானா, டானாவை நிறுத்துங்கள். தாத்தாவிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து காதுக்கு வேலை. புத்தகமே வேண்டாம். தோட்டத்துக்குப் போகிற வழியில் செய்யலாம். "குதிரையில 'கு' ஓடிப்போச்சு, மிச்சம் என்ன?" என்று கேளுங்கள். திரை. "தவளையில 'த' போச்சு?" வளை. "பலகையில 'பல' போச்சு?" கை. முதல் இரண்டு நாள் முழிப்பான், அப்புறம் அவனே உங்களைக் கேட்க ஆரம்பித்துவிடுவான். பேச்சு என்பது சின்னச் சின்ன ஒலிகளால் ஆனது என்று காதுக்குப் பிடிபட்ட பிறகுதான் எழுத்து எதற்கு என்பதே பிள்ளைக்கு விளங்குகிறது. என் அனுபவத்தில், வாசிக்கத் திணறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் சிக்கிக்கொண்டிருந்தது இந்த இடத்தில்தான். கண்ணையே குறைசொல்லி இன்னும் இன்னும் எழுத வைத்துக்கொண்டிருப்பார்கள், காதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

காது தயாரானதும் எழுத்து. அ, ஆவிலிருந்து தொடங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. 'அ'வும் 'இ'யும் 'ஈ'யும் வடிவத்தில் மிகச் சிக்கலானவை, எழுதும் கைக்கும் கஷ்டம். நான் ட, ப, ம மூன்றில் தொடங்குவேன். பெரும்பாலும் நேர்கோடு. மூன்றே எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். 'க', 'ல' இரண்டையும் சேர்த்தால் கல், பல், கடல், பகல், மடல், பக்கம், கப்பல். 'ர', 'வ' வந்தால் மரம், வரம், வட்டம், வடம். முதல் வாரமே பிள்ளை நிஜமான சொற்களை வாசிக்கிறான். 247-ஐயும் முடித்த பிறகுதான் முதல் சொல் என்றால், அதுவரை எதற்காகப் படிக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியாது.

சில பெரியவர்கள் ஒரு கவலை சொல்வார்கள். 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் 'க' ஒன்றுதான், ஒலியோ மூன்று விதம், பிள்ளை குழம்பிவிடாதா என்று. தமிழ் பேசும் பிள்ளை குழம்பாது. 'பகல்' என்பதை முதலில் அழுத்தி வாசிப்பான், உடனே தனக்குத் தெரிந்த சொல் என்று புரிந்து தானே திருத்திக்கொள்வான். அதனால்தான் ஆரம்பத்தில் அவனுக்குத் தெரிந்த சொற்களாகவே கொடுக்கவேண்டும். 'ஔடதம்' படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தவன் வாழ்நாளில் எத்தனை தரம் அந்தச் சொல்லைப் பேசப்போகிறான்?

உயிர்மெய்யில் 216 எழுத்து என்று பயப்படவும் வேண்டாம். 18 உடம்பும், அவற்றோடு சேரும் சில குறிகளும்தான். துணைக்கால் முதலில் வரட்டும், 'பாட்டி', 'மாமா' எல்லாம் வந்துவிடும். அப்புறம் கொக்கி. கஷ்டம் கொம்பில் வரும். 'செடி' என்று எழுதும்போது காதில் முதலில் விழுவது 'ச்', ஆனால் கை முதலில் போடவேண்டியது கொம்பு. 'கொடி'யில் இன்னும் மோசம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பாதிப் பிள்ளைகள் அதை "கெ... ஆ... டி" என்றுதான் வாசிப்பார்கள். அந்த இடத்தில் விளக்கம் சொல்லிப் பயனில்லை. கொ, சொ, பொ என்று முழு எழுத்தாக அட்டையில் எழுதி, ஒரே ஒலியாகக் காட்டிப் பழக்குங்கள். உகரம் அதைவிடப் பொறுமை கேட்கும். கு, சு, து, மு, ரு, று, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உருவம். அவை இரண்டாம் வகுப்பில் வந்தாலும் தாமதம் இல்லை.

'அரும்பு' என்றால் கெட்ட பேர் இல்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை, வகுப்பைப் பார்க்காமல், இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் மகனுக்கு எது தேவையோ அது கிடைக்கும் இடத்தில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். தினமும் கால் மணி நேரம் நீங்கள் உட்காருங்கள். நீங்கள்தான் என்று சொல்கிறேன், வீட்டுக்காரம்மா மட்டும் இல்லை.

நாங்கள் படுகர். பேரனோடு படுகுதான் பேசுவேன். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருக்கிறார்கள், தமிழும் ஒரு பாடம். மூன்று பாஷை சேர்ந்தால் பிள்ளைக்கு மண்டை குழம்பும், நீங்கள் படுகு பேசாதீர்கள் என்கிறாள் மருமகள். நான் என்ன செய்ய?
– ஒரு பாட்டி, கோத்தகிரி

பேசுங்கள் பாட்டியம்மா. நிறையப் பேசுங்கள். உங்கள் மருமகளும் இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வாசிப்பது என்றால் இரண்டு வேலை. எழுத்தை ஒலியாக்குவது ஒன்று. அந்த ஒலியிலிருந்து பொருளை எடுப்பது இன்னொன்று. முதல் வேலையைப் பள்ளிக்கூடம் சொல்லித்தரும். இரண்டாவதற்கு வேண்டிய சரக்கு வீட்டில்தான் சேர்கிறது. கதை என்றால் எப்படித் தொடங்கும், நடுவில் எப்படிச் சிக்கல் வரும், ஏன் என்று எப்படிக் கேட்பது, நேற்றையும் நாளையையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது, இதெல்லாம் எந்தப் பாஷையில் படிந்தாலும் அடுத்த பாஷைக்குக் கூடவே வரும். சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்கும் காதும் அப்படித்தான், படுகில் பழகினால் தமிழிலும் உதவும். நீங்கள் வாயை மூடிக்கொண்டால், பிள்ளைக்குக் கிடைப்பது அம்மா அப்பாவுக்கே அரைகுறையாக வரும் இங்கிலீஷ் மட்டும்தான். மூன்று பாஷையால் பிள்ளை குழம்பாது. எந்தப் பாஷையிலும் நிறையக் கேட்காத பிள்ளைதான் தடுமாறும்.

எங்கள் கீழ்மலைப் பள்ளியில் பளியர் பழங்குடிப் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் பேச்சு, புத்தகத் தமிழுக்கு ரொம்ப தூரம். மாதக் கணக்கில் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஒருநாள் காட்டில் என்னென்ன கிழங்கு தோண்டுவீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் போர்டில் எழுதினேன். தன் வாயில் இருந்த சொல் போர்டில் நிற்பதைப் பார்த்ததும் எழுந்து வந்து, விரல் வைத்து, தானே வாசித்தாள். அவள் முதலில் வாசித்த சொல் பாடப் புத்தகத்தில் இல்லாத சொல். அதற்குப் பிறகு பாடப் புத்தகத்துக்கு வர அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை.

தொடக்கப் பள்ளியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவே சொல்கிறது. 1956-இல் சேர்த்தார்கள். பள்ளியில் அது நடக்கவில்லை என்றாலும் வீட்டில் நடத்த யாரைக் கேட்கவேண்டும்? ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டியில் எல்லோரும் கூடுவீர்களே, அந்தக் கதையைப் பேரனுக்குப் படுகில் சொல்லுங்கள். அவன் திரும்பச் சொல்வதை மருமகள் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்கட்டும். 'ஹ' இருக்கிறது, தாராளமாக எழுதலாம். அவனே சொன்ன கதை என்பதால் அதை வாசிக்க யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

பேத்தி இடது கையால் எழுதுகிறாள். இப்போதே வலது கைக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு தாத்தா, வத்தலக்குண்டு

மாற்றக் கூடாது ஐயா. எந்தக் கை என்பது மூளை முடிவு செய்வது, பழக்கக் கோளாறு இல்லை. நோட்டைச் சற்று இடப்பக்கம் தள்ளி, மேல் இடது மூலை உயர்ந்திருக்கும்படி சாய்த்து வைத்துக் கொடுங்கள். பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கட்டும், எழுதியது கையில் மறையாது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது. வேறு எதுவும் செய்யவேண்டாம்.

மகன் இரண்டாம் வகுப்பு. எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுகிறான். வாசிக்கும்போது வரி தாவுகிறான். வாய்க்கணக்கு, கதை சொல்வது எல்லாம் பிரமாதம். இது டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு என்று ஒரு உறவினர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தூக்கமே இல்லை.
– ஒரு தாய், தாண்டிக்குடி

முதலில் திருப்பி எழுதுவதைப் பார்ப்போம். ஒரு மாடு இந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அதே மாடுதான். பிறந்ததிலிருந்து கண் அப்படித்தான் பழகியிருக்கிறது. எழுத்து வந்த பிறகுதான் முதல் தடவையாக, திருப்பினால் அது வேறு என்ற சட்டம் வருகிறது. அந்தப் பழைய பழக்கத்தை விட மூளைக்கு நாளாகும். ஏழு வயது வரை திருப்பி எழுதுவது சாதாரணம். அதை மட்டும் வைத்து எந்தப் பெயரும் சூட்டக் கூடாது.

வரி தாவுவதற்குக் கண்ணைப் பரிசோதியுங்கள். கூடவே காதையும். மலையில் பிள்ளைகளுக்குச் சளி விட்டபாடில்லை. சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தங்கி, வலியே இல்லாமல், வாரக் கணக்கில் காது மந்தமாக இருக்கும். பேச்சு கேட்கும், ஆனால் 'ப'வும் 'த'வும் தெளிவாகப் பிரிந்து கேட்காது. கூப்பிட்டால் திரும்பவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டுகிறான் என்றால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம்.

கண்ணும் காதும் சரியாக இருந்து, நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்தும், மூன்றாம் வகுப்பை நெருங்கும்போதும் ஒலிகளைச் சேர்க்க முடியவில்லை, நேற்று வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இதே சிரமம் இருந்தது என்றால், அப்போது முறையாகப் பரிசோதிக்க வேண்டும். கொடைக்கானல் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களைப் பாருங்கள், வழி சொல்வார்கள். டிஸ்லெக்ஸியாவாகவே இருந்தாலும் அறிவுக் குறை இல்லை. நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தெரிகிறது, கதையும் கணக்கும் பிரமாதம் என்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. உறவினர் வாய்ச்சொல்லை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதமே கண்ணையும் காதையும் காட்டிவிடுங்கள், அது போதும்.

எங்க தாத்தா 'லை', 'னை' எல்லாம் வேற மாதிரி எழுதுறார். நான் தப்புன்னு சொன்னா, நீதான் தப்புங்கிறார். யார் சரி?
– நாலாம் வகுப்பு மாணவி, பூம்பாறை

ரெண்டு பேரும் சரிதான் கண்ணு. தாத்தா படித்தபோது ணை, லை, ளை, னை நான்குக்கும் எழுத்தின் தலையிலேயே சுழித்து ஒரு தனி வடிவம் இருந்தது. ணா, றா, னா, அப்புறம் அவற்றின் ஒகர, ஓகார எழுத்துகளும் வேறு மாதிரி இருந்தன. மொத்தம் 13 எழுத்து. தந்தை பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் இவற்றை எளிமையாக்கி அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் உன் புத்தகத்தில் புது வடிவம். தாத்தாவை அந்த 13-ஐயும் எழுதித் தரச் சொல்லி உன் நோட்டில் ஒட்டிக்கொள். பழைய புத்தகம் கைக்கு வந்தால் உன்னால் வாசிக்க முடியும், உன் வகுப்பில் மற்றவர்களால் முடியாது.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறேன். பிள்ளைகள் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றும் 'மரம்' என்பதை 'மறம்' என்றும் எழுதுகிறார்கள். திருத்தித் திருத்திச் சிவப்பு மையே தீர்ந்துவிட்டது. என்ன செய்வது?
– ஒரு ஆசிரியை, கூக்கால்

சிவப்பு மை தீர்ந்தது நல்லதுதான் தங்கச்சி, மறுபடி வாங்காதீர்கள்.

'பளம்' என்று எழுதிய பிள்ளை நல்ல பிள்ளை. தன் ஊரில் கேட்பதை அப்படியே ஒலி பிசகாமல் எழுதியிருக்கிறது. காது வேலை செய்கிறது, கை வேலை செய்கிறது. இனிமேல் வேண்டியது கண்ணின் ஞாபகம் மட்டும்தான். ஒன்று, இரண்டாம் வகுப்பில் பிள்ளை தானாக எழுதியதில் பொருள் புரிகிறதா என்று முதலில் பாருங்கள். "எங்க அப்பா மலப்பூண்டு சந்தக்கி கொண்டுபோணாறு" என்று எழுதியிருந்தால், சந்தையில் என்ன விலை போனது என்று கேளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த கதையைச் சொல்லுங்கள். அப்புறம் அந்த வாக்கியத்தைக் கீழே நீங்கள் சரியாக எழுதி வையுங்கள். வட்டம் வேண்டாம், பெருக்கல் குறி வேண்டாம். அடுத்த முறை அவளே பார்த்துக்கொள்வாள். வட்டமாகப் போட்டுக்கொண்டே இருந்தால், பிள்ளை தனக்குப் பிழையில்லாமல் வரும் நாலு சொல்லை மட்டுமே எழுதப் பழகிவிடும். அந்த நாலு சொல் எழுதும் பிள்ளைகளை மூன்றாம் வகுப்பில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

ல, ள, ழ, ர, ற, ந, ண, ன இவற்றைத் தனி எழுத்தாக ஒப்பிக்க வைக்காதீர்கள். சொற்கூட்டமாகக் காட்டுங்கள். பழம், பழுப்பு, பழுத்தது ஒரு பக்கம். பள்ளம், பள்ளி இன்னொரு பக்கம். வாரத்துக்கு ஒரே கூட்டம் போதும். நாவை மடித்து 'ழ' சொல்ல வாய்ப்பாட்டு விளையாட்டும் வையுங்கள், ஆனால் வீட்டில் 'பளம்' என்று பேசும் அம்மாவைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று. மார்கழி, தையில் கூக்காலில் காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. விரல் விறைத்திருக்கும்போது முதல் பீரியடில் எழுத்து வேலை வைக்காதீர்கள். பாட்டு, கதை, வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் என்று ஓட்டுங்கள். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருக்கும் அந்தச் சின்னப் புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையெட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். வெயில் ஏறிய பிறகு எழுதட்டும், கையெழுத்து தானாகத் தெளியும்.

போனில் எழுத்து சொல்லித்தரும் ஆப் போட்டுக் கொடுக்கலாமா? மூன்று வயது.
– ஒரு தந்தை, ஊட்டி

மூன்று வயதுக்கு வேண்டாம். போன் பேசும், பிள்ளை பேசுவதைக் கேட்காது. அந்த வயதில் பேச்சு வளர்வது பதில் சொல்ல ஆள் இருக்கும்போதுதான். ஐந்து, ஆறு வயதில் எழுத்தைப் பழகிப் பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்கா எழுதித் தருகிறார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காப்பித் தோட்டத்தில் வேலை. மூத்தவள் நாலாவது, சின்னவன் ஒன்றாவது. மற்ற அம்மாக்கள் வீட்டில் சொல்லித் தருகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு தாய், கே.சி. பட்டி

நிறையச் செய்ய முடியும் அம்மா. மேலே எல்லோருக்கும் நான் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஒலி விளையாட்டு, கதை, கைக்கு வேலை, பேச்சு. இதில் எழுத்து தெரிந்தால்தான் முடியும் என்று எதுவும் இல்லை. சாயங்காலம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒரு விடுகதை போடுங்கள். "எட்டாத ராணி, இரவில் வருவாள், பகலில் மறைவாள்." நிலா என்று கண்டுபிடிப்பதற்குள் சின்னவன் எத்தனை கேள்வி கேட்பான் பாருங்கள். அந்தக் கேள்விகளால் வளரும் சொற்களை வைத்துத்தான் நாளைக்கு அவன் பாடத்தைப் புரிந்துகொள்வான். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்த அம்மாக்களின் பிள்ளைகளிடம் சொல் வளம் எப்படி இருக்கும் என்று நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

எழுத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சொல்லித்தர வேண்டாம், கேளுங்கள். பஸ் வந்தால் "போர்டுல என்ன போட்டிருக்கு, பாரு" என்று சின்னவனைக் கேளுங்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி, வத்தலக்குண்டு, மூன்றையும் அவன் வெகு சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்வான். காப்பி மூட்டையில் இருக்கும் எழுத்து, ரேஷன் கடைப் பலகை, தீப்பெட்டி, எல்லாமே புத்தகம்தான். தினமும் ஒரு பக்கம் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தால் எப்படித் தெரியும் என்று நினைக்கவேண்டாம். பொருள் விளங்காத இடத்தில் "புரியலையே, இன்னொரு தடவை படி" என்று சொன்னால் அவனே திருத்திக்கொள்வான். உங்களுக்கு அந்தக் கதை நிஜமாகவே தெரியாது என்பதால், அவன் ஒப்புக்கு வாசிக்காமல் உங்களுக்குப் புரியவைப்பதற்காக வாசிப்பான். படித்த அம்மாக்களால் இதைச் சுலபமாகச் செய்ய முடியாது, பாதியிலேயே திருத்திவிடுவார்கள்.

மூத்தவளைத் தம்பிக்கு வாத்தியார் ஆக்குங்கள். அவள் படிப்பு கெடும் என்று பயப்படாதீர்கள், சொல்லிக்கொடுப்பவளுக்கும் அது நன்றாகப் பதியும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் விரலால் எழுதி, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். சென்னையில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தைக் கவனித்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார், பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தன் பள்ளியிலும் அப்படியே செய்துபார்த்தார். 1797-இல் அதைப் புத்தகமாக எழுதினார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது. கே.சி. பட்டியில் ஒரு அக்காவும் தம்பியும் செய்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு தட்டில் மணல் இருந்தால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்கா எழுதவேண்டாம். நீங்கள் சொல்லச் சொல்ல மூத்தவள் எழுதட்டும், சின்னவன் கீழே தன் பெயரைப் போடட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும், நான் படித்துக்கொள்வேன்.